யாருடைய நேரம்? ஃபெர்னான் லெஜேயின் ‘பாலே மெக்கானிக்’

‘ஒவ்வொரு ஃபிரேமும் ஓவியம் மாதிரி இருக்கிறது’ என்பது நம் திரை விமர்சனத்தில் தேய்ந்துபோன பாராட்டு. ஒளிப்பதிவாளருக்குச் சொன்னால் அவர் மகிழ்ந்துகொள்ளலாம். ஓவியர் ஒருவரே எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு இதைச் சொன்னால் அது வசைக்குச் சமம். ஓவியம் மாதிரிதான் வேண்டுமென்றால் அவர் ஓவியமே வரைந்திருப்பார். தூரிகை கையில் இருக்கிறது, துணி சட்டத்தில் காத்திருக்கிறது, பழகிய கை வேறு. அதையெல்லாம் விட்டுவிட்டு, செலவும் தொல்லையும் மிகுந்த, பிறர் உதவியில்லாமல் நடக்காத ஒரு ஊடகத்துக்கு அவர் ஏன் போனார் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அசைவுக்காக என்பது வழக்கமான பதில். ஆனால் அசைவை ஓவியத்துக்குள் கொண்டுவர 1910களின் ஓவியர்கள் ஏற்கெனவே பல வழிகளைக் கண்டிருந்தார்கள். துணியில் எப்படியும் கொண்டுவர முடியாதது வேறொன்று. ஒரு படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை ஓவியர் தீர்மானிக்க முடியாது. மூன்று நொடியில் கடந்துபோகிறவரையும் மூன்று மணிநேரம் நிற்கிறவரையும் ஓவியம் ஒன்றுபோலவே பொறுத்துக்கொள்கிறது. அங்கே நேரம் பார்க்கிறவருடையது. திரையரங்கின் இருட்டில் நேரம் கைமாறுகிறது. ஃபெர்னான் லெஜே 1924இல் எடுத்து முடித்த ‘பாலே மெக்கானிக்’ இந்தக் கைமாற்றத்தைப் புரிந்துகொண்டு எடுக்கப்பட்ட படம். அதை இயந்திரத்தின் புகழ்பாட்டு என்றும், கியூபிசம் திரைக்கு வந்த கதை என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டுமே பொய்யில்லை, ஆனால் இரண்டுமே படத்தின் ஓரத்தில்தான் நிற்கின்றன.

லெஜே 1881இல் நார்மண்டியின் ஆர்ஜந்தான் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1913 வாக்கில் அவர் வரைந்த ‘வடிவங்களின் முரண்’ வரிசைப் படங்களில் உருளைகளும் கூம்புகளும் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டிருக்கும். அடுத்த ஆண்டே போர். ஆர்கோன் காட்டிலும் வெர்தூனிலும் இருந்தார், 1917இல் மருத்துவமனையில் கிடந்தார். அந்தப் போரைப் பற்றிப் பின்னாளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது சாவுகளைப் பற்றி அல்ல. 75 மில்லிமீட்டர் பீரங்கியின் திறந்த பின்வாய் உலோகத்தில் வெயில் பட்டுத் தெறித்ததையும், அது தன் கண்ணுக்குப் புதுப்பாடம் சொன்னதையும்தான். இதைப் படிக்கும்போது நமக்குக் கொஞ்சம் குமட்டத்தான் செய்கிறது. பீரங்கியின் பளபளப்பை ரசிக்கிறவனின் அழகுணர்ச்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆனால் அதே வாயால் அவர் உடனிருந்த சிப்பாய்களைப் பற்றியும் சொன்னார். சுரங்கத் தொழிலாளிகள், மண் வெட்டுகிறவர்கள், மரவேலைக்காரர்கள் என்று உழைப்பாளிகளோடு பதுங்குகுழியில் கிடந்த அனுபவம்தான் அவரைச் சுத்தமான அரூபத்திலிருந்து பொருள்களின் பக்கம் திருப்பியது. போருக்குப் பிறகு அவர் துணியில் போல்ட்டும் குழாயும் சக்கரப் பல்லும் வந்தன. பக்கத்தில் மனிதர்களும் அதே உலோக மினுக்கோடு வந்து உட்கார்ந்தார்கள். சினிமா ஆசையும் அந்தக் காலத்தில்தான் முற்றியது. சாப்ளினைப் பார்த்து மயங்கினார். கவிஞர் பிலேஸ் சாந்த்ராரின் ஒரு நூலுக்கு 1919இல் படம் வரைந்தார், அதன் தலைப்பிலேயே உலக முடிவைப் படம்பிடிக்கும் தேவதூதர் ஒருவர் இருக்கிறார். 1922இல் ஆபெல் கான்ஸின் ‘லா ரூ’ படத்தைப் பற்றி எழுதியபோது, கதையையும் நடிப்பையும் ஒதுக்கிவிட்டு, ரயில் எஞ்சின் ஒரு பாத்திரமாக எழுந்து நிற்கிற பகுதிகளை மட்டும் தூக்கிப்பிடித்தார். மார்செல் லெர்பியேயின் படம் ஒன்றுக்கு ஆய்வுக்கூட அரங்கமும் அமைத்துக்கொடுத்தார். ஆக, படம் எடுக்க வந்தபோது அவர் புதுமுகம் அல்ல, காத்திருந்தவர்.

படத்தில் கதை கிடையாது. மரத்துண்டுகளால் ஆன ஒரு கியூபிச சாப்ளின் பொம்மை ஆடி வந்து படத்தை அறிமுகப்படுத்துகிறது. தோட்டத்தில் ஒரு பெண் ஊஞ்சலாடுகிறாள். பிறகு தொப்பி, பாட்டில்கள், முக்கோணம், வட்டம், தட்டச்சுப்பொறி, சமையல் பாத்திரங்கள், முட்டை அடிக்கிற கம்பிச்சுருள், ஊசலாடும் பளபளப்பான உருண்டை, முகத்தை மறைத்துவிட்டு உதடுகளை மட்டும் காட்டும் ஒரு சிரிப்பு. அந்த உதடுகள் பாரிஸின் மோன்பர்னாஸில் எல்லாருக்கும் தெரிந்த மாடல் கிகியுடையவை. சிரிப்பு மலர்கிறது, சுருங்குகிறது, மறுபடி மலர்கிறது, கடைசியில் உதடு உதடாக இல்லாமல் திறந்து மூடும் ஒரு பொறியாகிவிடுகிறது. கால் மணிநேரத்தைச் சற்றே ஒட்டிய நீளத்தில் ஏறத்தாழ 300 துண்டுகள். முடிவில் பொம்மை கழன்று விழுகிறது, ஊஞ்சலாடிய பெண் தோட்டத்தில் பூவை முகர்ந்து பார்க்கிறாள். இந்தப் பட்டியலை வைத்துப் படத்தை அளந்தால், பொருள்களின் கண்காட்சி என்றுதான் தோன்றும். அப்படிப் பார்த்தவர்கள்தான் இயந்திர வழிபாடு என்று முத்திரை குத்தினார்கள். ஆனால் படத்தில் உண்மையான இயந்திரம் குறைவு. பெரும்பாலும் அடுப்படிச் சாமான்களும் கடைத்தெருச் சாமான்களுமே. ‘இயந்திர’ என்ற அடைமொழி பொருள்களைவிட அதிகமாகப் பொருந்துவது அவை வந்துபோகும் கணக்குக்குத்தான்.

அந்தக் கணக்கு வெளிப்படையாகத் தெரியும் இடம் சலவைப் பெண் படியேறும் காட்சி. நல்ல உடற்கட்டுள்ள ஒரு பெண் தோளில் பெரிய மூட்டையோடு கல் படிகளில் ஏறி வருகிறாள். கேமரா மேலே இருக்கிறது. படிகளின் உச்சிக்கு வரும்போது அவள் முகம் மலர்கிறது, ஒரு கை மேலே எழுகிறது. அடுத்து அவள் எங்கோ போகப்போகிறாள் என்று நாம் நினைக்கிற அந்த இடத்தில் படம் வெட்டப்படுகிறது. அவள் மறுபடி கீழே நிற்கிறாள். மறுபடி ஏறுகிறாள், அதே மலர்ச்சி, அதே கை. மீண்டும் கீழே. இடையில் வேறு துண்டுகள் குறுக்கிட, மொத்தம் இருபது தடவைக்கு மேல் அவள் ஏறுகிறாள். முதல் இரண்டு மூன்று தடவை ஏதோ பிசகு என்று படுகிறது. நான்காவதில் சிரிப்பு வருகிறது. பிறகு சிரிப்பு அடங்கி எரிச்சல் தொடங்குகிறது. எரிச்சலையும் தாண்டிய ஓரிடத்தில், நாம் அவளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நம்மையே பார்க்கத் தொடங்குகிறோம். இது தற்செயலாக நேர்ந்த விளைவு அல்ல என்பதற்கு லெஜேயின் எழுத்தே சாட்சி. முதலில் வியக்கவைத்து, பிறகு நிலைகொள்ளாமல் செய்து, கடைசியில் பொறுமையின் எல்லைவரை கொண்டுபோவதே தன் நோக்கம் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தொழிலாளிகளையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிவைத்துப் படத்தைப் போட்டுக்காட்டி, யார் எப்போது நெளிகிறார்கள் என்று கவனித்திருக்கிறார். எட்டு மணிநேரத்தில் தேவையானது தெரிந்துவிட்டது, அநேகமாக எல்லாரும் ஒரே இடத்தில்தான் நெளிந்தார்கள் என்கிறார். எந்த ஓவியருக்கும் தன் துணியின் முன்னால் இந்தச் சோதனையைச் செய்ய வழியில்லை. சலித்தவர் நகர்ந்துவிடுவார், அவர் எப்போது சலித்தார் என்பதும் பதிவாகாது. லெஜே திரையில் கண்டுபிடித்த புதிய நிறம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், அது பார்வையாளரின் பொறுமைதான். எவ்வளவு குழைப்பது, எங்கே அடர்த்தியாக்குவது என்று அதை வைத்துத்தான் தீட்டியிருக்கிறார்.

இங்கே எழும் மறுப்பு எளிதில் தள்ளக்கூடியது அல்ல. மூட்டை சுமக்கிற ஒரு உழைக்கும் பெண்ணை இருபது முறை படியேற்றி அதை வேடிக்கைப் பொருளாக்குவது என்ன நியாயம்? சுமை அவளுக்கு, சோதனை முடிவு ஓவியருக்கு. மனிதர்களையும் பாத்திரங்களையும் ஒரே தட்டில் வைக்கும் பார்வையில் எப்போதுமே இந்த ஆபத்து உண்டு. பீரங்கியின் மினுக்கை ரசித்த கண்தானே இதுவும் என்று கேட்கலாம். லெஜே பின்னாளில், 1945இல், பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார் என்பதைப் பதிலாக நீட்டுவதில் பயனில்லை. கட்சி அட்டை முந்தைய படத்துக்குப் பாவமன்னிப்பு தராது. பதில் காட்சிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். கதைப்படம் ஒன்றில் இதே பெண் ஒரு தடவை ஏறியிருப்பாள், கதவைத் திறந்து உள்ளே போயிருப்பாள், நாம் மறந்திருப்போம். சுமை தூக்கி ஏறுகிறவர்களைத் திரையில் நாம் பார்ப்பது எப்போதும் அப்படித்தான். ஓரமாக, போகிறபோக்கில், கதாநாயகன் வரும்வரை. லெஜே அவளைப் போய்ச்சேர விடவில்லை என்பதாலேயே அந்த ஏற்றம் கண்ணில் நிற்கிறது. மூன்றாவது தடவை மூட்டை தெரிகிறது, ஏழாவது தடவை படிகளின் செங்குத்து தெரிகிறது, உச்சியில் எழும் அந்தச் சிரிப்பு திரும்பத் திரும்ப வரும்போது அது கேமராவுக்காகச் சிரிக்கப்பட்டது என்பதும் தெரிந்துவிடுகிறது. இவ்வளவு சொன்ன பிறகும் மறுப்பில் ஒரு துளி மிஞ்சுகிறது என்றே நினைக்கிறேன். அவளைப் பற்றி நமக்குத் தெரிவதைவிட நம் பொறுமையைப் பற்றித் தெரிவதுதான் அதிகம். படம் அந்தத் துளியோடுதான் வாழ்ந்தாக வேண்டும்.

நீட்டுவது ஒரு கை என்றால், குறுக்குவது மறு கை. ஒரு தொப்பியும் ஒரு ஜோடிக் காலணியும் மாறிமாறி வெட்டப்படும் பகுதியில் துண்டுகள் மிகக் குறுகியவை. தொப்பி, காலணி, தொப்பி, காலணி என்று வேகம் ஏற ஏற, திரையில் இல்லாத ஒரு மூன்றாவது உருவம், தலையும் காலும் மட்டுமுள்ள ஏதோ ஒன்று, கண்ணுக்குள் துள்ளத் தொடங்குகிறது. வட்டமும் முக்கோணமும் மாறும் இடத்திலும் இதே கதை. இரண்டு உருவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மோதவிடுவது அவர் 1913இல் துணியில் செய்ததுதான். ஆனால் துணியில் கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தன் விருப்பப்படி போகும், இங்கே இழுத்துப்போகப்படுகிறது. ஐந்து மில்லியன் மதிப்புள்ள முத்துமாலை திருடுபோய்விட்டது என்று திடீரென ஓர் எழுத்துப்பலகை வரும். செய்தித்தாள் தலைப்பு மாதிரி. அக்காலத்து ரசிகர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், கடைசியில் கதை வந்துவிட்டது என்று. வராது. அந்த வாக்கியம் துண்டாகிறது, எண்ணிலிருந்த பூஜ்யங்கள் கழன்று தனியாக ஆடத் தொடங்குகின்றன. படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு வாக்கியம் எவ்வளவு நேரம் வாக்கியமாக இருக்கும், எப்போது வெறும் வட்டங்களாகும் என்பது இங்கே அளக்கப்படுகிறது. திருட்டுக்குப் பின்னால் ஓடுகிற நம் ஆவலையும் சேர்த்தே அவர் கழற்றிவைத்துவிடுகிறார். படத்தின் மிகச் சிறந்த நகைச்சுவை இதுதான் என்பேன்.

ஓவியர் படம் என்றால் விக்கிங் எக்கலிங்கும் ஹான்ஸ் ரிக்டரும் எடுத்தவையே தூய்மையானவை, லெஜே வெளியுலகப் பொருள்களைப் படம்பிடித்ததால் பாதி வழியில் நின்றுவிட்டார் என்று ஒரு கட்சி உண்டு. இரண்டு தரப்பையும் ஒன்றாகப் பார்க்க அக்காலத்திலேயே வாய்ப்பு வந்தது. 1925 மே 3ஆம் தேதி பெர்லினில் ‘முழுமுதல் திரைப்படம்’ என்ற பெயரில் நடந்த பகற்காட்சியில் எக்கலிங்கின் ‘மூலைவிட்ட சிம்பொனி’யும் ரிக்டரின் படமும் லெஜேயின் படமும் ஒரே திரையில் ஓடின. எக்கலிங் அடுத்த சில நாட்களில் இறந்துபோனார். அவருடைய படத்தில் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் சீப்புப் பற்கள்போல முளைத்து, வளைந்து, மறைகின்றன. அதன் நேர்த்தியை மறுக்க முடியாது. ஆனால் அங்கே நேரம் என்பது உருவங்கள் விரிவதற்கான இடம் மட்டுமே. எக்கலிங்கும் ரிக்டரும் சினிமாவுக்கு வந்த வழி இதைத் தெளிவாக்குகிறது. அவர்கள் முதலில் நீளச் சுருள்களில் வரைந்தார்கள். ஓர் உருவம் படிப்படியாக மாறிப்போவதைச் சுருள் நெடுக வரைந்துபார்த்து, அது போதாமல் படச்சுருளுக்குத் தாவினார்கள். காகிதச் சுருளின் இயல்பான நீட்சி அவர்கள் சினிமா. லெஜேக்கு அப்படி ஒரு சுருள் கிடையாது. இந்தச் சுருள் விஷயத்தையே என் வாதத்துக்கு எதிராகவும் திருப்பலாம். ஓவியத்தில் நேரம் பார்க்கிறவருடையது என்று சொன்னீர்களே, சுருளோவியமும் சுவர்நீளச் சித்திரமும் பார்க்கிறவரை ஒரு வரிசையில் நடத்திப்போகின்றனவே என்று. நடத்திப்போகின்றன, சரி. ஆனால் வரிசைதான் அங்கே ஓவியருடையது, வேகம் நடக்கிறவருடையது. நின்றுவிடலாம், திரும்பி நடக்கலாம், நடுவில் உட்கார்ந்து வெற்றிலை போடலாம். வரிசையும் வேகமும் சேர்ந்து ஓவியர் கைக்கு வருவது திரையில்தான்.

அப்படி முழுசாகக் கைக்கு வந்ததா என்று கேட்டால், இல்லை. மௌனப்பட காலத்தில் படம் ஓடும் வேகம் ஆபரேட்டரின் கையில் இருந்தது. ஒரே படம் ஓர் ஊரில் கொஞ்சம் வேகமாகவும் இன்னோர் ஊரில் நிதானமாகவும் ஓடியிருக்கும். ஆனால் தொப்பிக்கும் காலணிக்கும் இடையிலான விகிதத்தை, சலவைப் பெண் எத்தனை தடவை ஏறுகிறாள் என்பதை எந்த ஆபரேட்டராலும் மாற்ற முடியாது. ஆபரேட்டரைவிடப் பெரிய சிக்கல் லெஜேயே. படத்தை அவர் சும்மா விடவில்லை. பல பிரதிகள் பல நீளங்களில், துண்டுகள் முன்பின்னாக, இன்றைக்கும் கிடைக்கின்றன. 1924இல் வியன்னாவில் ஃப்ரெடெரிக் கீஸ்லர் அமைத்த நாடகத் தொழில்நுட்பக் கண்காட்சியில்தான் படம் முதலில் காட்டப்பட்டது. அந்தக் கீஸ்லர் வைத்திருந்த பிரதி 1970களில் அவர் மனைவியால் கண்டெடுக்கப்பட்ட பிறகே ஆரம்ப வடிவம் பற்றி உறுதியாகப் பேச முடிந்தது. இப்படி மாற்றிக்கொண்டே இருந்தவர் நேரத்தைக் கணக்கிட்டு வைத்தார் என்பது எப்படி என்று கேட்கலாம். கணக்கிட்டதால்தான் மாற்றினார். ஓவியத்தில் ஒரு மஞ்சளை மூன்று தடவை சுரண்டி மறுபடி பூசுகிறவர், வெட்டியதை ஒட்டிப்பார்த்து மறுபடி வெட்டுவதில் வியப்பில்லை.

இது யாருடைய படம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. டட்லி மர்ஃபி என்ற அமெரிக்கரின் பெயர் லெஜேயின் பெயரோடு சேர்ந்தே வருகிறது. லெஜேக்கு முன்பே படங்கள் எடுத்தவர் அவர். பின்னாளில் 1929இல் பெஸ்ஸி ஸ்மித்தை வைத்து ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’, 1933இல் ‘எம்பரர் ஜோன்ஸ்’ என்று தனக்கென ஒரு பாதையில் போனார். ஊஞ்சலாடுகிறவர் அவர் மனைவி கேதரின். புகைப்படக் கலைஞர் மான் ரேயும் தொடக்கத்தில் பங்குபெற்றார், கவிஞர் எஸ்ரா பவுண்டும் பின்னால் நின்று தூண்டினார். ஓவிய உலகம் இதையெல்லாம் மறந்து படத்தை முழுக்க லெஜேயின் கணக்கில் எழுதிக்கொண்டது உண்மை. அது அநியாயமும்கூட. ஓவியரின் பெயருக்கு அருங்காட்சியகத்தில் இருக்கும் மதிப்பு ஒளிப்பதிவாளரின் பெயருக்கு இல்லை என்பதைத் தவிர இதற்குக் காரணம் ஏதுமில்லை. கேமராவை இயக்கத் தெரிந்தவர் மர்ஃபிதான், லெஜே தனியாக இதை எடுத்திருக்க முடியாது. ஆனால் நான் சொல்லவந்தது நேரத்தைக் கையாண்ட முறையைப் பற்றி. அதற்கான எழுத்துச் சாட்சியம் லெஜேயிடம்தான் இருக்கிறது, அந்த அக்கறை அவரோடு பிறகும் தொடர்ந்தது. ஓர் ஆணையும் பெண்ணையும் அவர்களுக்கே தெரியாமல் 24 மணிநேரம் இடைவிடாமல் படம்பிடித்துக் காட்டவேண்டும் என்று பல ஆண்டுகள் கழித்து ஒரு கனவை எழுதினார். அப்படியொரு படத்தை யாராலும் தாங்க முடியாது, மக்கள் அலறியடித்து ஓடுவார்கள் என்றும் அவரே சொல்லிவிட்டார். படியேறும் காட்சியின் அண்ணன் அது. கூட்டுமுயற்சியில் பலவீனமான பகுதி எது என்று கேட்டால் தயங்காமல் பட்டகக் காட்சிகளைச் சொல்வேன். கண்ணாடி வழியே ஒரே முகம் ஐந்தாறாகச் சிதறும், பாத்திரங்கள் பூக்கோலமாக விரியும். அவற்றை யார் யோசித்தாலும் சரி, படத்தில் மிகவும் ‘ஓவியம்போல’ இருப்பவையும் மிக விரைவில் பழசாகிப்போனவையும் அவைதான்.

படத்தோடு பெயரைப் பகிர்ந்துகொண்ட இசையின் கதி தனி. ஜார்ஜ் ஆன்டைல் இதற்கென்று தொடங்கிய இசை, தானியங்கிப் பியானோக்களும் விமானச் சுழலிகளும் மின்மணிகளும் சங்கொலியும் சேர்ந்த பேரிரைச்சல். பதினாறு தானியங்கிப் பியானோக்களை ஒரே தாளத்தில் ஓட்ட அன்று வழி இருக்கவில்லை. போதாக்குறைக்கு இசை படத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். 1926இல் பாரிஸிலும் 1927இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கிலும் படமில்லாமல் இசை மட்டும் ஒலித்தது. பிற்காலத்தில் கணினியின் தயவில் இரண்டையும் பொருத்திவிட்டார்கள். சாதனைதான். ஆனால் இசையோடு பார்க்கும்போது சலவைப் பெண்ணின் ஏற்றம் பொறுத்துக்கொள்ளக்கூடியதாகிவிடுகிறது. காது வேறொரு கடிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறது, கண் அதன்மேல் சவாரி செய்கிறது. லெஜே வைத்த சோதனை அங்கே நடப்பதில்லை.

இந்தியாவில் ஓவியர்கள் கேமராவைத் தொட்டது 1960களின் இறுதியில். எம்.எஃப். ஹுசைன் பிலிம்ஸ் டிவிஷனுக்காக எடுத்த ‘ஓர் ஓவியனின் கண்களூடாக’ 1967இல் பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடியைப் பெற்றது. ராஜஸ்தானின் கோட்டைகளுக்கும் தெருக்களுக்கும் நடுவே ஒரு குடை, ஒரு லாந்தர், ஒரு செருப்பு ஆகியவை காரணமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பொருளை அதன் வேலையிலிருந்து விடுவித்துப் பார்ப்பதில் ஹுசைன் லெஜேயின் உறவினர். ஆனால் அவர் நம் நேரத்தோடு விளையாடவில்லை. நல்ல விருந்தாளிபோல எந்தக் காட்சியிலும் தேவைக்கு மேல் தங்காமல் எழுந்துவிடுகிறார். அக்பர் பதம்ஸீ வேறு திசையில் போனார். நேரு ஆய்வுநல்கையின் உதவியோடு பம்பாயில் அவர் தொடங்கிய பட்டறையிலிருந்து ‘சிஸிஜி’ என்ற படம் வந்தது. ஒலியே இல்லை. கோடுகளும் புள்ளிகளும் எண்களின் விதிக்குக் கட்டுப்பட்டு இடம்மாறிக்கொண்டிருக்கும். எக்கலிங்கின் வழி அது. ஆனால் அதன் பிடிவாதம் பார்க்கிறவரை ஓரிடத்தில் சரணடையச் செய்கிறது. தையப் மேத்தா 1970இல் எடுத்த படத்துக்குக் ‘கூடல்’ என்று தமிழிலேயே பெயர் வைத்தார். துணியில் அவரைத் துரத்திய காளை பாந்த்ரா இறைச்சிக்கூடத்துக் காட்சிகளாக அதில் வருகிறது. கொலைக்கான நேரத்தைப் பார்க்கிறவர் சுருக்கிக்கொள்ள முடியாது. ஓவியத்தில் கட்டுண்டு கிடக்கும் காளையிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள நமக்கிருக்கும் உரிமை இங்கே பறிபோகிறது. மூவரில் லெஜே தொட்ட நரம்பைத் தொட்டவர் மேத்தாதான்.

கடைசி மறுப்பு இன்றைய ரசிகருடையது. இந்த வேக வெட்டுகளெல்லாம் விளம்பரப் படங்களிலும் பாட்டுக் காட்சிகளிலும் தினசரி பார்ப்பவை, ரீல்ஸில் ஒரே அசைவு முடிவில்லாமல் திரும்புவதும் பார்த்துப் பழகியது, இதில் புதுமை என்ன? முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். தொப்பியும் காலணியும் விளம்பரக்காரர்களின் சொத்தாகி எத்தனையோ காலமாகிறது. கழுத்துவரை வெட்டப்பட்ட பாட்டில் எப்படி மின்னவேண்டும் என்பதை அவர்கள் லெஜேயிடமிருந்துதான் கற்றார்கள் என்று சொன்னால் மிகை அதிகமில்லை. ஆனால் படியேறும் காட்சியை எந்த விளம்பரமும் எடுத்துக்கொள்ளவில்லை. எரிச்சலை விற்க முடியாது. ரீல்ஸின் சுழற்சி வேறு சாதி. அது நம் கட்டைவிரலின் அனுமதியோடு சுழல்கிறது, சலித்த நொடியில் தள்ளிவிடுகிறோம். தள்ளிவிட முடியும் என்பதாலேயே எத்தனை தடவை சுழன்றாலும் எரிச்சல் வருவதில்லை. அதாவது, ஓவியத்தின் முன் நமக்கிருந்த பழைய உரிமை கைப்பேசியில் திரும்பக் கிடைத்துவிட்டது. நேரம் மறுபடி பார்க்கிறவருடையதாகிவிட்டது. ‘பாலே மெக்கானிக்’கைக் கைப்பேசியில் பார்க்கிறவர் அநேகமாக ஆறாவது படியேற்றத்தில் விரலை நகர்த்திவிடுவார். அவர் பார்த்தது லெஜே எடுத்த படத்தை அல்ல, அதன் பொருளடக்கத்தை.

ஆகவே ஊர்தோறும் மிச்சமிருக்கும் திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது, நீளமும் குறைவு, எந்த நிகழ்ச்சிக்கு முன்னாலும் சேர்த்துவிடலாம். ஆன்டைலின் இசையில்லாத பிரதியைத் தேடிப்பிடித்து, விளக்குகளை அணைத்து, முன்னுரை எதுவும் சொல்லாமல், நடுவில் நிறுத்தாமல் போடுங்கள். பிறகு படத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், எந்த இடத்தில் எழுந்துபோகத் தோன்றியது என்று வந்தவர்களிடம் கேளுங்கள்.